கோகிலவாணியோட முப்பது நாள்

சொல்லவே வாய் கூசுது, ஆனா சொல்லாம இருந்தா வயித்துல கெடக்கறது கெடந்துகிட்டேதான் இருக்கும், அதனால சொல்லிடறேன்: எங்க முட்டைக் கம்பெனியில ஒன்பது வருசம் போன் எடுத்து, கேரளாக் கடைக்காரங்க அத்தனை பேரையும் கொரலை வெச்சே பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு வேலை செஞ்ச கோகிலவாணி, புரட்டாசி மாசம் மொதத் திங்கக்கெழமை காலையில பத்து மணிக்கு ராஜினாமாக் கடுதாசியக் குடுத்துச்சு; பத்தேகாலுக்கு, அது வாங்கி வெச்ச டீ ஆறறதுக்குள்ள, கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க; மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு அதோட மேசை மேல ஒரு முட்டை இருந்துச்சு.

கடுதாசியில ஒண்ணும் தப்பா எழுதிடல. கரூர்ல ஒரு ஆஸ்பத்திரியில பில் போடற வேலை கெடைச்சிருக்கு, அடுத்த மாசம் வந்து சேரச் சொல்லியிருக்காங்க, வேலைக்குச் சேந்தப்பக் குடுத்த ஆர்டர்ல இருக்கற பிரகாரம் முப்பது நாள் முன்னாடியே சொல்லிட்டேன், முப்பது நாளும் வேலை செஞ்சு குடுத்துட்டுப் போறேன்னுதான் எழுதியிருந்துச்சு. மொதலாளி நல்லசிவம் அதை ரெண்டு தடவை படிச்சுட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில சொருகினார்.

"எதுக்கு அம்மிணி முப்பது நாளு? போறதுன்னு ஆனதுக்கப்புறம் இங்க உக்காந்துகிட்டு மத்தவங்க மனசையும் கெடுக்கறதுக்கா? இப்பவே கெளம்பு."

"சரிங்க. அப்ப அந்த முப்பது நாள் சம்பளத்தக் குடுத்துருங்க. போறவங்களும் முப்பது நாள் முன்ன சொல்லோணும், அனுப்பறவங்களும் முப்பது நாள் முன்ன சொல்லோணும், இல்லைன்னா ஒரு மாசச் சம்பளம் குடுக்கோணும்னு ஆர்டர்ல பதினோராவது பாராவுல போட்டிருக்குதுங்க."

"வேலையே செய்யாம சம்பளமா? நல்லாருக்குதே கதை. நானா உன்னையப் போகச் சொன்னேன்? நீதான எழுதிக் குடுத்த."

"நான் எழுதுனது அடுத்த மாசத்துக்குங்க. இன்னைக்குப் போகச் சொல்றது நீங்க."

மொதலாளி மேனேஜர் வையாபுரியப் பாத்துக் கண்ணைக் காட்டினார், வையாபுரி போய் கேட்டைத் தெறந்து வெச்சுட்டு நின்னாரு. அந்தப் பதினோராவது பாரா எங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. போன வருசம் டிரைவர் செங்கோடன், அண்ணன் லாரிக்கு அடியில மாட்டிக் கெடக்கறான்னு போன் வந்து போட்டது போட்டபடி ஓடி, திரும்பி வராமயே நின்னுட்டப்போ, இதே மொதலாளி கண்ணாடி போட்டுக்கிட்டு அந்தப் பாராவை எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரிப் படிச்சுக் காட்டித்தான் அவனோட ஒரு மாசச் சம்பளத்தப் புடிச்சார். பாரா அதேதான். போறவன் தலையில விழுந்தா சட்டம், மொதலாளி தலையில விழுந்தா கதை. நாங்க பதினாலு பேரு அன்னைக்கும் வாயத் தெறக்கல, இன்னைக்கும் தெறக்கல, அந்தப் பதினாலுல நானும் ஒருத்தன், பில்லுப் போடற தனகோபால்.

டிபன் பாக்ஸை எடுக்க வந்தப்ப கோகிலவாணி என்கிட்ட மட்டும் சொல்லுச்சு. "அந்தச் சம்பளத்த நம்பித்தான் அண்ணா கரூர்ல வீடு பேசி வெச்சேன். முப்பதாம் நாளு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கோணும். இங்கிருந்து தெனமும் பஸ்ஸுல போயிட்டு வந்தா பாப்பா காலையிலயும் ராத்திரியும் தனியாத்தான் கெடக்கும். வேற எங்கயும் பெரட்ட வழியில்ல." புருசன் செத்து அஞ்சு வருசம் ஆச்சு, மூணாவது படிக்கற பொண்ணைத் தவிர அதுக்கு யாருமில்ல. "லேபர் ஆபீசுல போய்ச் சொல்லு அம்மிணி"ன்னு சொன்னேன். சொல்றதுக்கென்ன, காசா பணமா.

மறுநாள் அந்த முட்டை வந்துச்சு. எங்க கம்பெனியில ஒரு பழக்கம் உண்டு: விக்க முடியாத கீறல் முட்டைங்களைப் பதினோரு மணிக்கு ஒரு குண்டாவுல போட்டு வேவிச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி, முட்டை வேவிக்கறது எல்லாம் பாவாயிதான். மேசை மேல கெடந்த முட்டைய அவ எடுத்துப் பாத்தா. வெயில்ல வெச்ச மாதிரிச் சூடா இருந்துச்சு, தேச்ச மாதிரி வழவழன்னு இருந்துச்சு, எந்தப் பண்ணை முத்திரையும் இல்ல. வேற ஊர்ல வேற ஆபீசுல இருந்தா நாலு பேரு கூடி நின்னு பாத்திருப்பாங்க. எங்களுக்கு முட்டைன்னா குண்டாவுக்குப் போற பொருள், அவளும் குண்டாவுல போட்டுட்டா. புரட்டாசி ஆனதால பாதிப்பேரு தொடல, மீந்ததுல அதை எடுத்து வையாபுரி உரிச்சு ஒரே வாயில போட்டுக்கிட்டாரு.

போட்டவரு கண்ணை மூடினார், தெறந்தார். தெறக்கறப்போ தலை மொட்டையா இருந்துச்சு, மொட்டையில சந்தனம் காஞ்சிருந்துச்சு, கையில பஞ்சாமிர்தம் டப்பா இருந்துச்சு. "பழனி போயிட்டு வந்துட்டனப்பா. மூணு வருசமா நேரமே அமையாத வேண்டுதலு. ஒரு முழு நாளு, ஒன்பதுலருந்து ஆறு வரைக்கும், அப்படியே கைக்கு வந்துச்சு"ன்னு சொல்லிட்டு எங்க எல்லாருக்கும் பஞ்சாமிர்தம் குடுத்தாரு. சுவத்துக் கெடியாரத்துல பதினொண்ணு அஞ்சு. வாங்கி நக்கிக்கிட்டோம்.

ரெண்டாம் நாளும் ஒரு முட்டை, மூணாம் நாளும் ஒரு முட்டை, ஞாயித்துக்கெழமையும் ஒரு முட்டை. கோழிக்கு லீவு கெடையாதுங்கறதால எங்க கம்பெனிக்கும் லீவு கெடையாது. அது யாரோட நாளுன்னு யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, மேசை யாருதுன்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு, ஆனா யாரும் அந்தப் பேரைச் சொல்லல, "மேசை முட்டை"ன்னு மட்டும் சொல்லப் பழகிட்டோம். ஒரு வாரத்துல அதுக்கு முறை போட்டாச்சு, சீட்டுக் குலுக்கியாச்சு, முறையை மாத்திக்கறவங்க வையாபுரிகிட்ட ரெண்டு நாள் முன்ன சொல்லோணும்னு ஒழுங்கும் வந்தாச்சு. பாவாயி தன் முறைக்கு மகளோட பிரசவத்துக்குப் போய் முழுசாப் பக்கத்துல இருந்து, பேரப்புள்ளையத் துணியில ஏந்திட்டு வந்து, விட்ட எடத்துலருந்து கூட்ட ஆரம்பிச்சா. லோடு ஏத்தற ரெண்டு பேரு ஒரு முட்டைய நூல் போட்டு அறுத்து ஆளுக்கு அரை நாள் எடுத்துக்கிட்டாங்க.

புரட்டாசியில முட்டை திங்கலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அதையும் பேசித் தீத்துட்டாங்க: பாக்கறதுக்குத்தான் முட்டை, உள்ள இருக்கறது நாளு, நாளைத் திங்கறதுல என்ன தோசம். மாசம் ஒருக்கா கணக்குப் பாக்க வர்ற ஆடிட்டர், வெங்காயம் பூண்டு கூடச் சேக்காதவர், தும்பப்பூ வேட்டி கட்டினவர், வந்த அன்னைக்கு அதைக் கேள்விப்பட்டு, கெழக்கப் பாத்து உக்காந்து, தண்ணி தெளிச்சு, உரிச்ச முட்டைய ரெண்டு வெரல்ல எடுத்து முழுங்கினார். முழுங்கிட்டு "சைவம்தான்"னு சொன்னார். கருமம், நாங்க அதுக்குத் தலையாட்டினோம்.

என் முறை பன்னெண்டாம் நாளு வந்துச்சு. தின்னேன். மஞ்சக்கரு கெடையாது அதுக்கு, உள்ள பூரா ஒரே வெள்ளை, கடிச்சதும் கோகிலவாணி போட்டுக்கிட்டு வர்ற பவுடர் வாசமும், அது மத்தியானத்துக்குக் கொண்டு வர்ற எலுமிச்சஞ் சாத வாசமும் மூக்குல ஏறுச்சு. அடுத்தவங்க சப்பி வெச்ச கரண்டிய வாயில வெச்ச மாதிரி இருந்துச்சு. துப்பியிருக்கலாம். யாரும் துப்புனதில்லன்னு நானும் துப்பல.

பதினேழாம் நாள் மொதலாளிக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. கோபப்படுவார்னு நெனச்சோம், படல. "என் கம்பெனி மேசையில வந்தது என் பொருளு"ன்னு சொல்லி, பாவாயிய மொளகுத்தூளும் உப்பும் கொண்டாரச் சொல்லி, எங்க எல்லார் முன்னாடியும் உக்காந்து நிதானமாத் தின்னார். அன்னையிலருந்து ஒரு நாள் விடாம அவர்தான். வாயத் தொடைச்சுக்கிட்டுக் கண்ணத் தெறக்கறப்போ ஒரு நாளு ஏற்காட்டுல எடம் பாத்துட்டு வந்திருப்பார், ஒரு நாளு கெரயம் பண்ணிட்டு வந்திருப்பார், ஒரு நாளு சும்மா ஆத்துல குளிச்சுட்டு வந்து ஈரத்தலையோட பேன் கீழ உக்காருவார். கன்னம் பளபளன்னு ஆச்சு. எங்ககிட்ட எல்லாம் ஒரு புது அன்பு வேற வந்துடுச்சு. "என்ன தனகோபாலு, பதினாறு வருசமா இங்கயே கெடக்கறியே, வேற நல்ல எடம் அமைஞ்சா தாராளமாப் போ, ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுத்துடு, நான் தடுக்கவே மாட்டேன்"னு தோள்ல கை போடுவார். அந்தக் கையில மொளகு வாசம் அடிக்கும்.

பத்தொம்பதாம் நாளு, பாக்கி வசூலுக்கு அந்தப் பக்கமாப் போனவன், கோகிலவாணி வீட்டு வழியா வண்டிய விட்டேன். மணி பதினொண்ணரை இருக்கும். வாசப்படியில உக்காந்திருந்துச்சு. வெளிய போறதுக்குச் சேலை கட்டி, தலை வாரி, ஒரு கால்ல செருப்பு போட்டு, ஒரு செருப்பக் கையில வெச்சுக்கிட்டு, மடியில அந்த ஆர்டரையும் கடுதாசி நகலையும் ரப்பர் பேண்டு போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. ஒதட்டு மேல ஒரு ஈ நடந்துச்சு, ஓட்டல.

"அம்மிணி"ன்னேன். ம்கூம்.

பக்கத்து வீட்டு அம்மா துணி காயப் போட்டுக்கிட்டே சொன்னாங்க, கத்திரிக்கா வெலை சொல்ற மாதிரி. "அது ஆறு மணிக்கு மேலதானுங்க பேசும். தெனமும் இப்படித்தான். லேபர் ஆபீசு போறேன்னு எட்டரைக்கே ரெடியாயிரும், ஒன்பது அடிச்சா ஒக்காந்த எடத்துல ஒக்காந்துரும். சாயங்காலம் ஆறு மணிக்கு எந்திரிச்சு, இப்பத்தான் ஒன்பது ஆச்சு, அதுக்குள்ள எப்படிக்கா இருட்டுதுன்னு கேக்கும். நாங்களும் பழகிட்டோம். மழை வந்தா உள்ள நகத்தி வெப்போம்."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, நாங்க குண்டாவுல போட்டு வேவிச்சது என்னன்னு. சம்பளத்தக் கேக்கப் போறதுக்கு அதுக்கு ஒரு நாளு வேணும், அந்த நாளைத்தான் நாங்க உப்பு தொட்டுத் தின்னுகிட்டிருந்தோம். வண்டிய ஓரம் நிறுத்தி வாந்தி எடுக்கப் பாத்தேன். ஒண்ணும் வரல, பன்னெண்டாம் நாளு தின்னது எப்பவோ செரிச்சுப் போயிருந்துச்சு.

இனிமே மொதலாளிய அவரு இவருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா யோக்கியன் மாதிரிப் பேசவும் எனக்குத் தகுதியில்ல, ஏன்னா அதைப் பாத்துட்டு வந்ததுக்கப்புறமும் பத்து நாளு, எண்ணிப் பத்து நாளு, அந்த நல்லசிவம் என் கண்ணு முன்னாடி உரிச்சு உரிச்சுத் திங்கறதப் பாத்துகிட்டு பில்லுப் போட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன். வேலை போயிடும், வயசு அம்பத்திரண்டு, எவன் எடுப்பான்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சோறும் எறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

முப்பதாம் நாளுதான் கை நீண்டுச்சு. ஒன்பது அடிச்சதும் மேசை மேல வந்த முட்டைய, பாவாயி பாக்கறதுக்குள்ள எடுத்து, என் டிபன் பாக்ஸ்ல சோத்துக்கு மேல வெச்சு மூடி, வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கோகிலவாணி அதே படியில உக்காந்திருந்துச்சு. முட்டைய எடுத்து அதோட உள்ளங்கையில வெச்சேன். வெரலு ஒவ்வொண்ணா மடங்குச்சு, கண்ணு அசைஞ்சுச்சு, ஒதட்டு ஈ பறந்துச்சு. "வாங்கண்ணா"ன்னுச்சு, நான் அப்பத்தான் வந்த மாதிரி. ரெண்டாவது செருப்பையும் போட்டுக்கிச்சு. பத்தே முக்காலுக்கு லேபர் ஆபீசுல இருந்தோம்.

அங்க இருந்த ஆபீசரம்மா முட்டையப் பாத்து அசரல. கையில வாங்கி, வெளிச்சத்துக்குக் காட்டிப் பாத்துட்டு, பெல் அடிச்சு ஒரு படிவம் கொண்டாரச் சொன்னாங்க. "மில்லுலருந்து வந்தா நூல் கண்டா வரும், ஜவுளிக் கடையிலருந்து வந்தா மடிப்புக் கலையாத சேலையா வரும். முட்டை இப்பத்தான் பாக்கறேன். எத்தனை மிச்சம் இருக்கு?"

"இது ஒண்ணுதானுங்க"ன்னேன்.

அவங்க என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, அவ்வளவுதான். போன் போட்டு நல்லசிவத்தை வரச் சொன்னாங்க. மூணு மணிக்கு வந்தான், வையாபுரியையும் பாவாயியையும் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு.

"மேடம், அது தானா எழுதிக் குடுத்துட்டுத் தானாப் போச்சுங்க. நான் எதுக்குங்க சம்பளம் குடுக்கோணும்?"

"தானாப் போனவங்க நாளு அவங்க கூடவே போயிரும். அனுப்பிச்சவங்க நாளுதான் கம்பெனி மேசையில வந்து உக்காரும்"னாங்க ஆபீசரம்மா. "இந்தப் பொண்ணு கடுதாசியில போட்ட தேதி வரைக்கும் அது உங்க ஆளு. நடுவுல வேண்டாம்னு சொன்னது நீங்க, அப்ப அதுவரைக்கும் குடுக்க வேண்டியதும் நீங்க. ராஜினாமாக் குடுத்துட்டாங்கங்கறதுக்காக மிச்ச நாளு உங்களுக்கு இனாம் கெடையாது."

அவன் முட்டைய எட்டிப் பாத்தான், சிரிச்சான். "ஒண்ணுதானுங்க இருக்குது? சரி, ஒரு நாளு நான் வர வேண்டாம்னு சொன்னதாவே வெச்சுக்குங்க. மத்த நாளெல்லாம் அதாவேதான் வரல."

ஆபீசரம்மா படிவத்தத் திருப்பி எங்க பக்கம் தள்ளினாங்க. "தின்னவங்க இருந்தா தின்னேன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. ஆளுக்கு எத்தனையோ அத்தனை நாளு இன்னைக்கே வாங்கித் தர முடியும். எழுத்து இல்லாததுக்குக் கேசுதான் போடோணும், அது வருசக்கணக்கா இழுக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்தப் பொண்ணு இன்னொரு நாளு விடோணும்."

வையாபுரி மொட்டைத் தலையத் தடவிக்கிட்டாரு. "நான் புரட்டாசி விரதமுங்க. முட்டைய கையாலயும் தொடறதில்ல." அவர் வாயத் தெறந்ததும் அந்தப் பவுடர் வாசம் ரூம் பூரா அடிச்சுச்சு. ஆபீசரம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டு, "வாசத்தை எழுத இதுல கட்டம் இல்ல"ன்னாங்க. பாவாயி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி"ன்னா. தன்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே நல்லசிவம் ஏப்பம் விட்டான். பதிமூணு நாளு அந்த வயித்துக்குள்ள கெடந்துச்சு.

நான் பேனாவை வாங்கினேன். கோகிலவாணி என்னையப் பாத்துச்சு. அதுக்கு அதுவரைக்கும் தெரியாது. 'பன்னெண்டாம் நாள் முட்டை ஒன்று, நான் தின்றேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆக ரெண்டு நாளு. மிச்ச இருபத்தெட்டு நாளும், தின்னவங்க வாயிலயே இருந்துச்சு, வாயோட எந்திரிச்சுப் போயிட்டாங்க. நல்லசிவம் ரெண்டு நாள் சம்பளத்தை மேசை மேல போட்டுட்டு, நோட்டைத் தொட்ட வெரலைத் துண்டுல தொடைச்சுக்கிட்டான். போறப்போ, "நாளைக்கு நீ வர வேண்டாம்"னு என்கிட்ட சொல்லலை. வந்து பில்லுப் போடுன்னான். அதுதான் இன்னும் அசிங்கமா இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல கல்லு பெஞ்சுல உக்காந்தோம். கோகிலவாணி கரூருக்குப் போன் போட்டு, "அந்த வீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வெச்சுச்சு. நாலே முக்காலு ஆச்சு. பொழுது எறங்கறதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, மாசம் பூராவும் அது பாக்காத வெயிலு, அதைக் கால்ல விழ விட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"மொத நாளு யாருண்ணா?"ன்னு கேட்டுச்சு.

வையாபுரின்னேன், பழனிக்குப் போய் மொட்டை போட்டாருன்னேன். தலையாட்டுச்சு. ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு, ஒவ்வொண்ணாச் சொன்னேன். லோடுமேன் ஒருத்தன் அரை நாளுல அவங்கம்மாளைக் கண்ணு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தான்னேன், பாவாயி பேரப்புள்ள பொறக்கறப்போ கூட இருந்தாள்னேன். "கொழந்தை நல்லாருக்குதா?"ன்னு கேட்டுச்சு. நல்லாருக்குதுன்னேன். வெளியூர்ல விட்டுட்டு வந்த புள்ளைங்களைப் பத்திக் கேக்கற மாதிரி ஒவ்வொரு நாளையும் கேட்டுச்சு, எங்க போச்சு, என்ன பண்ணுச்சு, யாருக்கு ஆச்சுன்னு.

பதினோரு நாளு முடிஞ்சுச்சு.

"பன்னெண்டாம் நாளு நீங்க என்ன பண்ணீங்கண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில வந்துச்சு, கோயிலுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன், செத்தவங்க வீட்டுக்குப் போனேன்னு என்னென்னமோ வந்துச்சு.

"தூங்கினேன் அம்மிணி"ன்னேன்.